ஹால்வெல் வீட்டுச் சம்பந்தங்களும் தாமுவே விஜயகுமாரியும்

அடுத்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் ஷம்சுதீன் இதைச் சொல்லிக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டார். சொல்லட்டும். ரங்கூனில் தாமுவே சந்தைக்கு எதிரே கைலிக்கடை வைத்திருப்பவளுக்கு ஊர்ச்செய்தி தெரியாமல் போனால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டுப் பையனுக்குக் கொடுத்தார்கள் என்று நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்த ஆளைப் பைத்தியம் என்றிருப்பேன். என்னை அப்படி உட்கார வைத்தவள் விஜயகுமாரி.

எங்கள் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய தகப்பனார் செல்லக்கண்ணு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவரும் போய், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். விஜயா வெகுகாலம் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் இருந்தாள். வெள்ளைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவது, விடுதி பார்த்துக் கொடுப்பது, கோவித்துக்கொண்டவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் அவள்தான். பிறகு சுற்றுலாவும் நின்றது, கம்பெனியும் மூடியது. அப்போது கை கொடுத்தவர் டாரதி என்கிற வெள்ளைக்கார அம்மா. ஒரு காலத்தில் இங்கே ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர். இங்கிலாந்தில் டெவன் என்ற பக்கத்தில் இருக்கிறார். தன் தாய்வழிக் குடும்பங்களின் வேரைத் தேடுவதே அவருக்குப் பொழுது. பழைய உயில்கள், கோயில் பதிவுகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து விஜயாவுக்கு அனுப்புவார். இவள் அதைப் படித்து, யாருக்கு யார் பிள்ளை, எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டரில் கொடிவழி வரைந்து திருப்பி அனுப்புவாள்.

மேலே மின்சாரம் போனதும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு இறங்கிவிடுவாள். கடையில் பேட்டரி இருக்கிறது. மின்சாரம் எப்போது இருந்தது, போவதற்கு? ஆக அவள் அலுவலகமே என் கடைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்மாக்காரப் பெண்கள் இடுப்பில் சுற்றும் தமேன் துணி அடுக்கிய பலகைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு டியூடர் ராஜாக்கள் காலத்துக் கல்யாணங்களைக் கிளறுவாள். நான் வாடிக்கைக்காரிக்குத் துணியை விரித்துக் காட்டிக்கொண்டே ஒரு காதை அவள் பக்கம் வைத்திருப்பேன்.

அவள் தேடிய குடும்பங்களில் பெரிய புள்ளி ஹால்வெல் வீடு. பிரபுவும் இல்லை, சாதாரணக் குடியானவனும் இல்லை. நம் பக்கத்துப் பண்ணையார் என்று வைத்துக்கொள்ளலாம். நிலம் இருக்கும், நிலத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் புத்தியும் இருக்கும். பெனிங் என்று இன்னொரு வீடு. அவன் தங்கையை இவன் கட்டுவான், இவன் தங்கையை அவன் கட்டுவான். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. "இதுக்கு எதுக்குடி இங்கிலாந்து வரைக்கும் போகணும், இன்சீனுக்கு ரயில் ஏறினா நாலு வீட்டுல இதே கூத்துதானே" என்று நான் சொன்னேன். விஜயா சிரித்தாள். அவளுக்கு இந்த விஷயத்தில் தனி ருசி உண்டு. அவர்கள் ஆட்கள் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று சண்டை வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாமன் சீர் யார் செய்வது, மாலை யார் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் நாக்கு நுனியில். முறை தவறினால் அவளுக்குப் பொறுக்காது.

அந்தப் பொறுக்காமைதான் அவளை ஒருநாள் குப்புறத் தள்ளியது. தாமஸ் ஹால்வெல் என்று ஒருவன் ஆக்னெஸ் ஹால்வெல் என்பவளைக் கட்டியிருந்தான். தாமஸின் தகப்பனும் ஆக்னெஸின் தகப்பனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி என்று டாரதியம்மாவின் காகிதம் தெளிவாகச் சொன்னது. விஜயா அதை நம்பவில்லை. அது எப்படி ஆகும், இந்த ஆக்னெஸ் வேறு ஊர் ஹால்வெல்லாகத்தான் இருக்கவேண்டும் என்று தானே முடிவு செய்து, ஆக்னெஸுக்கு இல்லாத ஒரு தகப்பனையும் தாத்தாவையும் தேடிப் பல நாள் அலைந்து, கடைசியில் தனி மரம் ஒன்று வரைந்து அனுப்பிவிட்டாள். டாரதியம்மா பதில் எழுதினார்: ஒரே குடும்பத்தை ஏன் இரண்டாகப் பிளந்தாய், நான் அனுப்பியதில் எந்த இடம் புரியவில்லை என்று.

அன்றைக்கு விஜயாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அண்ணன் தங்கச்சியைக் கட்டியிருக்கான்க்கா" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"கூடப் பொறந்தவளையா?"

"சித்தப்பா மகளை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இங்க பாருடி. உள்ள உக்காந்து லப்பெயே குடிக்கிறாரே, அவரு எனக்கு யாரு?"

"உங்க வீட்டுக்காரரு."

"அதுக்கு முந்தி யாரு? எங்க வாப்பாவோட கூடப் பொறந்த தம்பி மகன். என் சாச்சா மகன். அப்ப நான் யாருடி?"

உள்ளேயிருந்து ஷம்சுதீன் டீக்கோப்பையோடு எட்டிப் பார்த்து, "என்னை எதுக்கு இழுக்கிற" என்றார்.

விஜயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தெரியும்க்கா. ஆனா நீங்க பாய் வீடு. உங்களுக்கு அது முறை."

"அந்தத் தாமசு மட்டும் உங்க கோயில் கமிட்டியா?"

பிறகு டாரதியம்மாவே விளக்கினார். முன்காலத்தில் அங்கேயும் அப்படிக் கட்ட முடியாதாம். நாலு தலைமுறைக்குள் எந்தச் சொந்தம் இருந்தாலும் கூடாது. ரோமாபுரியில் போப்பாண்டவரிடம் அனுமதி வாங்க வேண்டும். எட்டாம் ஹென்றி ராஜா ஒரு சட்டம் போட்டுத்தான் அதைத் தளர்த்தினாராம். முந்தி ஒரு ராணியைக் கட்டியவர், அவளுடைய தாய்மாமன் மகளையே கட்ட ஆசைப்பட்டார், அதற்காகத்தான் சட்டம் என்று சொல்வார்களாம். ராஜாவுக்கு ஆசை வந்தால் முறைக்கு என்ன கேடு. தாமஸ் ஆக்னெஸ் கல்யாணம் அந்தச் சட்டத்துக்குப் பிறகு நடந்தது. விஜயா மரத்தைத் திரும்பவும் ஒட்டி அனுப்பினாள், ஆனால் முகம் மட்டும் தெளியவில்லை. ஒரு வேலைத் தப்புக்கு இவ்வளவு வாட்டமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சமயத்தில் கடைப் பேட்டரியைப் பார்க்கச் செல்வம் வந்தான். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். பதினெட்டு வயதில் மலேசியாவுக்குப் போனவன், மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் திரும்பி வந்து அம்மா ரத்தினம்மாளோடு இருக்கிறான். தன்லியின் பாலத்தைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்து பேட்டரி பார்க்க, தாமுவேயில் ஆளே இல்லையா? அவன் கண் பேட்டரியில் இல்லை, முக்காலியில் இருந்தது. முக்காலி காலியாக இருந்ததால் முகம் வாடியது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா. இந்த ஊரில் பெயருக்கு முன்னால் கோ, டோ, ஊ என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

"கோ செல்வம், ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லு."

"மறைக்க என்ன இருக்கு டோ மதீனா. கேட்டேன். முடியாதுன்னுட்டா."

"ஏனாம்?"

"நான் அண்ணன் முறையாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு குடும்பத்துக்கும் சொந்தம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், மற்றவர் ராமநாதபுரம் பக்கம். அவன் சொன்ன கதை இது. செல்வத்தின் தகப்பனார் சன்னாசியும் விஜயாவின் தகப்பனார் செல்லக்கண்ணும் துறைமுகத்தில் ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கியவர்கள். அறுபதுகளில் ஆட்கள் கப்பல் கப்பலாக ஊருக்குத் திரும்பியபோது சன்னாசியின் அண்ணன் தம்பி எல்லாரும் போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான் இங்கேயே தங்கினார். பிறகு ஒரு விபத்தில் இறந்துபோனார். ரத்தினம்மாள் அப்போது நிறைமாதம். செல்வம் வயிற்றில். கொள்ளி வைக்கப் பங்காளி என்று ஒருவர்கூட ரங்கூனில் இல்லை. அப்போது செல்லக்கண்ணு முன்னால் வந்து, "நான் தம்பி" என்று சொல்லி மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தார். பதினாறு நாள் தீட்டுக் காத்தார். சாகும் வரைக்கும் வருஷா வருஷம் திதி கொடுத்தார். சொந்தம் போய்விட்ட இந்த ஊரில் அவர்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கம். யார் கொள்ளி வைக்கிறாரோ அவர் பங்காளி. அன்றையிலிருந்து அந்த வீட்டுச் சாவுக்கு இந்த வீட்டில் தீட்டு, இந்த வீட்டுச் சாவுக்கு அந்த வீட்டில் தீட்டு. அப்படியானால் செல்வம் பெரியப்பா மகன், விஜயா சித்தப்பா மகள். தாமஸும் ஆக்னெஸும் மாதிரியே.

அவள் ஏன் அந்த மரத்தைப் பிளந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் அவள் வந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, ரத்தமும் இல்லை சதையும் இல்லை. உங்கப்பா இரக்கப்பட்டுக் கொள்ளி வச்சாரு. அதுக்காக நீ காலம் பூரா இப்படி ஒத்தையில உக்காந்திருப்பியா? அவனைப் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு நான் சொன்னேனா?"

"பின்ன?"

"ரத்தம் இருந்தாத்தான் உறவா மதீனாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளைப் போல முறை தெரிந்தவளுக்கு அது நடுவில் செய்துகொண்ட உறவு என்பதும் தெரியும். செல்வத்தோடு அவள் ஒரே வீட்டில் வளர்ந்தவளும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது, சொல்லமாட்டேன் என்கிறாள் என்று பட்டது. இது போதாதா எனக்கு? இரண்டு நாள் குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

இந்த நேரத்தில்தான் வில்லியம் வந்து சேர்ந்தான். தாமஸுக்கும் ஆக்னெஸுக்கும் முந்திய தலைமுறை. ராபர்ட் ஹால்வெல் என்பவரின் மகன் வில்லியம், பெனிங் வீட்டு ஜோன் என்ற பெண்ணைக் கட்டினான். அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பின்னால் எழுதிய ஒரு குறிப்பில், 'போப்பாண்டவரின் அனுமதி பெற்று' என்று ஒரு வரி இருந்தது. எதற்கு அனுமதி என்று இல்லை. டாரதியம்மா, இவர்கள் என்ன சொந்தம் என்று கண்டுபிடி என்று விஜயாவிடம் விட்டுவிட்டார்.

விஜயா தோண்டினாள். ராபர்ட்டின் அப்பா, தாத்தா, பூட்டன். ஜோனின் அப்பா வழி, அம்மா வழி. நாலு தலைமுறை ஏறிப் பார்த்தும் ஒரு சொட்டுச் சொந்தம் இல்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வந்த வாடிக்கைக்காரியிடம் "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு நான் யோசனை சொல்வேன்.

"வில்லியம் மொதல்ல ஜோனோட அக்காளைக் கட்டியிருப்பான். அவ செத்திருப்பா. கொழுந்தியாளைக் கட்டவும் அங்க அனுமதி வேணுமே."

"பார்த்துட்டேன்க்கா. அவளுக்கு அக்காவே இல்லை."

"அப்ப ஜோன் மொதல்ல வில்லியமோட அண்ணனைக் கட்டியிருப்பா."

"அண்ணனும் இல்லை. வில்லியம்தான் மூத்தவன்."

"அவங்கம்மா யாரு, சரியா பார்த்தியா? இந்த அம்மா வழியிலதான் எல்லாக் கோளாறும் ஒளிஞ்சிருக்கும்."

அதையும் பார்த்துவிட்டாள். என் வீட்டுக்காரர்கூடச் சாப்பிடும்போது, "அந்த வில்லியம் விஷயம் என்னாச்சு" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. வெளியே கேட்டால் சிரிப்பார்கள். சந்தை மீன்காரி என்ன விலை சொல்கிறாள் என்பதை விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் செத்து மண்ணாய்ப் போன ஒரு வெள்ளைக்காரனின் மாமியார் வீட்டைத் துருவிக்கொண்டிருந்தோம்.

பிறகு ராபர்ட்டின் உயில் வந்தது. மகன் கல்யாணமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துச் சாகிறபோது எழுதி வைத்தது. நிலம் இன்னாருக்கு, ஆடு இன்னாருக்கு என்று போய்க்கொண்டே, ஓரிடத்தில் மருமகளுக்கு ஒரு பசுவும் பித்தளைப் பானையும் கொடுக்கிறார். அங்கே அவர் எழுதியிருந்தது: 'என் ஞானமகளும் என் மகன் வில்லியத்தின் மனைவியுமான ஜோனுக்கு.' ஞானமகள் என்றால் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது, ராபர்ட் ஞானத்தகப்பனாக நின்று கையில் ஏந்தியிருக்கிறார். டாரதியம்மாவிடம் கேட்டதும் விடை வந்துவிட்டது. அந்தக் காலத்துச் சபை வழக்கப்படி, தீர்த்தத் தொட்டியில் பிள்ளையை ஏந்தியவர் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்தான். அவருடைய மகன் அவளுக்கு அண்ணன். கட்டிக்கொள்ள முடியாது. ரத்தம் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும், கட்ட வேண்டுமானால் ரோமாபுரிக்குத்தான் எழுத வேண்டும்.

"ஆத்தாடி" என்றேன். "நீங்க கொள்ளி வச்சு உறவாக்குறீங்க, அவங்க தண்ணியில முக்கி உறவாக்கியிருக்காங்க."

விஜயா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்காக வாங்கி வைத்த மோஹிங்கா, மீன்குழம்புச் சேமியா, ஆறிப் போய் ஆடை கட்டியது. நான் வாயை மூடிக்கொண்டு துணியை மடித்தேன். எனக்கும் சில சமயம் அறிவு வரும். அவளே ஆரம்பித்தாள்.

"மதீனாக்கா, உங்களுக்கு நான் ஒண்ணு சொல்லலை."

"தெரியும்டி. அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

அவள் சொன்னாள். சன்னாசி செத்தபோது ரத்தினம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. செல்லக்கண்ணுக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. கைப்பிள்ளையோடு இருந்த அந்த வீட்டுக்கு மாசா மாசம் அரிசி கொண்டு போய்க் கொடுத்தவர் அவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? ரத்தினம்மாள் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்: அவர் என் கொழுந்தன், எம் புருஷனுக்குக் கொள்ளி வச்ச தம்பி. அந்த ஒரு சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மா வாழ்ந்திருக்கிறார். பிறகு செல்லக்கண்ணு கல்யாணம் செய்துகொண்டு விஜயா பிறந்தபோதும் அந்த உறவு அப்படியே நின்றது. விஜயா பேசப் பழகிய நாளிலிருந்து ரத்தினம்மாளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"இப்ப நான் செல்வத்தைக் கட்டிக்கிட்டா என்ன அர்த்தம்? அந்த உறவெல்லாம் பொய்னு அர்த்தம். அப்ப எங்கப்பா எதுக்கு அந்த வீட்டுக்குப் போனாருன்னு நாளைக்கே கேப்பாங்க. பெரியம்மா காப்பாத்தி வச்ச பேரை நான் எரிக்கணுமா?"

அடிப்பாவி மகளே, இதையா நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தாய் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை முறை அவளைக் கிறுக்கி, பிடிவாதக்காரி என்று ஏசியிருக்கிறேன்.

"ஆனா இதைப் பாருங்கக்கா" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இருந்தாலும் பார்த்தேன். "அனுமதி கொடுத்தவங்க, ராபர்ட் ஞானத்தகப்பனே இல்லைன்னு சொல்லலை. உறவு உண்மை, உண்மையா இருந்தாலும் கட்டிக்கலாம்னுதான் சொல்லியிருக்காங்க. கிழவனும் சாகிறப்ப ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கான். மொதல்ல ஞானமகள், அப்புறம்தான் மருமகள்."

"சரி. இங்க யாருடி போப்பாண்டவர்? ஊ செல்லையாவா?" ஊ செல்லையா அவர்கள் கோயில் கமிட்டியின் பெரியவர். அவரிடம் கேட்டால் ஏழு தலைமுறைக்கும் முடியாது என்பார்.

"இது பெரியம்மாவோட பேரு, அவங்கதான் சொல்லணும்" என்றாள் விஜயா. "ஞாயித்துக்கிழமை தன்லியின் போறேன். நீங்க கூட வாங்க. ரெண்டு பக்கத்துக்கும் எந்த முறையும் இல்லாத ஆள் ஒருத்தர் வேணும்."

நான் கூப்பிடாமலே போயிருப்பேன்.

பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனோம். ரத்தினம்மாள் வாசலில் உட்கார்ந்து புளிச்சைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. செல்வம் எங்களைப் பார்த்ததும், ஏதோ வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். விஜயா கீரைக் கட்டில் பாதியை எடுத்து ஆயத் தொடங்கினாள். நான் எப்போது பேசுவாள், எப்போது பேசுவாள் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளோ செல்வம் பெயரையே எடுக்காமல், "பெரியம்மா, இங்கிலாந்துல ஜோன்னு ஒருத்தி" என்று ஆரம்பித்தாள்.

ரத்தினம்மாள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் முழுதும் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கிழவன், மொதல்ல இருந்த உறவை அழிக்கலை?"

"அழிக்கலை பெரியம்மா."

"மகள்னும் சொன்னான், மருமகள்னும் சொன்னான்."

"ஆமா."

ரத்தினம்மாள் இரண்டு தண்டை ஒடித்துப் போட்டார். பிறகு அந்த அம்மா சொன்னார்: "செல்வம் எங்கிட்ட மழைக்கு முன்னாடியே சொல்லிட்டான். நீ ஏன் வேணாம்னேன்னு நான் அவனைக் கேக்கலை. எனக்குத் தெரியும்."

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் மனதில் அரித்ததைக் கேட்டேவிட்டேன். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. விஜயா அப்பாவும் அப்பக் கல்யாணம் ஆகாதவரு. நீங்களும் சின்ன வயசு. மனசுல ஒண்ணும் இல்லையா?" விஜயா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

ரத்தினம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "இருந்துச்சு" என்றார். "அவருக்கும் இருந்துச்சுன்னு நினைக்கிறேன். அரிசியை வைச்சுட்டு, படி ஏறாமலே கொஞ்ச நேரம் நிப்பாரு. ஒரு தரம் என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. நான்தான், 'வாங்க தம்பி, அண்ணன் திதி எப்ப வருது'ன்னு கேட்டேன். அதோட போயிட்டாரு. மறு வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. நானே போய் ஆலாத்தி எடுத்தேன். கொழுந்தன்னு ஊர் முன்னாடி சொன்ன வாய் இது. மாத்திச் சொன்னா, எம் பிள்ளையை யாரோட பிள்ளைன்னு கேப்பாங்க."

விஜயாவின் கையில் கீரை அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பற்றி அவளுக்கே தெரியாத விஷயம். நான் கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது. கேட்டது நல்லது என்றும் தோன்றியது.

"நான் அன்னைக்கு அனுமதி கேக்க ஆள் இல்லை" என்றார் ரத்தினம்மாள். "நீ எங்கிட்ட வந்து கேக்குற. நான் தாரேன். ஆனா ஒண்ணு. தாலி ஏறினதுக்கு அப்புறமும் என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடணும். அத்தைன்னு ஒரு தடவை உன் வாயில வந்தாலும் உங்கப்பன் எனக்குக் கொழுந்தன் இல்லைன்னு ஆயிடும். நான் சாகுற வரைக்கும் பெரியம்மாதான்."

"சரி பெரியம்மா" என்றாள் விஜயா. அதற்குமேல் முடியாமல் கீரை மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். நானும் அழுதேன். ரத்தினம்மாள் மட்டும் அழாமல், கீரையெல்லாம் நனைந்து போகிறது என்று எங்கள் இரண்டு பேரையும் அதட்டினார்.

கல்யாணம் அவர்கள் கோயிலில் நடந்தது. ஊ செல்லையா முதலில் குதித்தார். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதா, சாமி பொறுக்குமா என்றார். ரத்தினம்மாள் நேரில் போய், "பங்காளிதான், இல்லைன்னு யாரு சொன்னா. பங்காளி மகளைத்தான் எடுக்கிறேன். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாராம். மனுஷர் மேலே பேச வழியில்லாமல் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சும்மா வரவில்லை. இரண்டு பேரும் இத்தனை நாள் அண்ணன் தங்கை என்றார்களே, அப்படியானால் பழைய கதை என்ன என்று பந்தலில் குசுகுசு. துணிக்கடைக்காரியின் காது, எல்லாம் விழுந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "அரிசி கொண்டு போனாரே" என்று இழுத்தாள். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா காலில் விழ வேண்டும். செல்வமும் விஜயாவும் வந்தார்கள். ரத்தினம்மாள் புதுச் சேலையில் விறைப்பாக நின்றார். விஜயா குனிந்தவள் அப்படியே நின்று, மேளம் ஓயும் வரைக்கும் காத்திருந்தாள். மேளக்காரர்கள் நிறுத்தினார்கள்.

"பெரியம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க."

அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊ செல்லையா பதறி, "இனிமே அத்தைன்னு சொல்லணும்மா" என்றார்.

விஜயா அவர் பக்கம் திரும்பினாள். "இல்லைங்க. எங்கப்பா இவங்க வீட்டுக்காரருக்குத் தம்பி. கொள்ளி வச்ச தம்பி. எனக்கு இவங்க பெரியம்மாதான்."

சொல்லிவிட்டுச் செல்வத்தோடு காலில் விழுந்தாள். ரத்தினம்மாள் குனிந்து இரண்டு பேரையும் தூக்கி விட்டார். பிறகு என்னைத் தேடி, பக்கத்தில் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"மதீனா, கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா" என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சு."